துப்பறியும் கதையில் நீதி விசாரணை

துப்பறியும் கதை என்ற பெயரைக் கேட்டவுடனே முகம் சுளிப்போர் நம்மிடையே இன்றும் உளர். பொழுதைப் போக்குவதற்கென்றே எழுதப்பட்டது, படித்து முடித்ததும் எறிந்துவிடத் தக்கது, மாணவர் கையில் அகப்படக் கூடாதது என்பன அவர்கள் கூறும் குறைகள். இக்குறைகளுக்கு ஆளாகும் நூல்கள் பல உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகளில் தோன்றிய ஒருவகைச் சிறு நாவல்கள் வேறு தன்மையன. அவை கொலையையும் விசாரணையையும் கதைப் பொருளாகக் கொண்டவை. ஆனால் அவை எழுப்பும் கேள்விகளோ பெரியவை: நீதி என்பது யாது? உண்மையை மனிதன் எந்த அளவுக்கு அறிய முடியும்? பிறர்மீது தீர்ப்புக் கூறும் தகுதி யாருக்கு உண்டு? இந்நூல்களுள் சில தமிழிலேயே கிடைக்கின்றன. பலவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கலாம். தமிழ் வாசகர் அவற்றை ஏன் தேடிப் படிக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் துப்பறியும் கதை

இவ்வகை எழுத்து நமக்குப் புதிதன்று. பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார் 1894-ஆம் ஆண்டிலேயே தானவன் என்னும் போலீஸ் நிபுணனைத் தலைவனாக வைத்து நூல் எழுதினார். அவருக்குப் பின் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் ஆங்கில நாவல்களைத் தழுவியும் சொந்தக் கற்பனையாலும் மர்மக் கதைகளைப் பெருக்கினர். 1940-களில் தேவன் படைத்த ‘துப்பறியும் சாம்பு’ அவ்வகைக் கதைகளையே நகைச்சுவை ஆக்கிற்று. தமிழ்வாணனின் சங்கர்லாலும், பின்வந்த மாத நாவல்களின் துப்பறிவாளர்களும் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தனர். கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வாங்கிய ஒரு பிரதி, தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போய், அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமற்போகும் வரை படிக்கப்பட்டதைக் காப்பார் வட்டாரத்து முதியோர் பலர் அறிவர்.

கடைசிப் பக்கம் இல்லாத மர்ம நாவல் எவ்வளவு ஏமாற்றம் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏனெனில், அக்கதைகளின் உயிரே கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தின் இறுதியில் விடை அச்சிட்டிருப்பதைப் போல, குற்றவாளியின் பெயர் அங்கே காத்திருக்கும். குற்றம் நடக்கிறது, ஒழுங்கு குலைகிறது. அறிவாளி ஒருவர் வருகிறார், தடயங்களைக் கூட்டிக் கழிக்கிறார், ஒழுங்கு மீள்கிறது. உலகம் அறிவுக்குக் கட்டுப்பட்டது என்ற நம்பிக்கையே அக்கதைகளின் அடித்தளம்.

அந்த நம்பிக்கை சரிதானா என்று கேட்டவர்களே நாம் இங்குக் காணப்போகும் ஆசிரியர்கள்.

விடை கிடைத்தும் தீராத கணக்கு

ஃபிரீட்ரிஷ் டூரென்மாட் சுவிட்சர்லாந்து நாட்டவர். 1921-ஆம் ஆண்டில் பெர்ன் மாநிலத்துக் கொனொல்ஃபிங்கன் என்னும் சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார், 1990-இல் மறைந்தார். நாடக ஆசிரியராகப் பெரும்புகழ் பெற்ற இவர், இளமையில் ஓர் இதழுக்காகத் தொடர்கதையாக எழுதிய நாவல் ‘நீதிபதியும் அவருடைய தூக்குக்காரனும்’ என்பது. 1952-இல் அது நூல் வடிவம் பெற்றது. அதில் பெர்லாக் என்னும் முதிய போலீஸ் அதிகாரி வருகிறார். நோயால் அவருக்கு நாள் எண்ணப்பட்டுவிட்டது. பல்லாண்டுகளுக்கு முன் அவர் ஒருவனோடு பந்தயம் கட்டியிருந்தார். மனிதர் செயல்களை முழுமையாகக் கணிக்க முடியாது. எங்கோ ஒரு தற்செயல் குறுக்கிட்டுக் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது பெர்லாக்கின் வாதம். உலக வாழ்க்கை அவ்வாறு சிக்கலாக இருப்பதனாலேயே, கண்டுபிடிக்க முடியாத குற்றங்களைச் செய்ய இயலும் என்பது மற்றவனின் வாதம். வாதத்தோடு நில்லாமல், பெர்லாக்கின் கண்ணெதிரிலேயே ஒரு கொலையைச் செய்துவிட்டு அவன் தப்பியும் விடுகிறான். செய்த குற்றத்துக்காக அவனைப் பிடிக்க முடியாத பெர்லாக், செய்யாத குற்றத்தில் அவனைச் சிக்கவைக்கத் துணிகிறார். அவ்வாறு பெறப்படுவது நீதியா என்பதே நூலின் கேள்வி.

இதினும் ஆழமானது 1958-இல் வெளிவந்த ‘வாக்குறுதி’. துப்பறியும் நாவலுக்கு ஓர் இரங்கற்பா என்னும் பொருள்பட ஆசிரியரே அதற்குத் துணைத் தலைப்பு இட்டார். நூல் பிறந்த வரலாறே சுவையானது. குழந்தைகளுக்கு நேரும் கொடுமைகளைக் குறித்துப் பெற்றோரை எச்சரிக்கும் திரைப்படம் ஒன்றுக்குக் கதை எழுதித் தருமாறு அவரைக் கேட்டிருந்தனர். படத்தில் கொலைகாரன் அகப்பட்டுக்கொண்டான். கணக்குச் சரியாக முடிந்தது. ஆசிரியருக்கோ மனம் அமையவில்லை. அதே கதையை மீண்டும் எடுத்து, வேறு முடிவோடு நாவலாக்கினார்.

மத்தேயி என்னும் திறமை மிக்க இன்ஸ்பெக்டர், கொலையுண்ட ஒரு சிறுமியின் தாயிடம் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதாக வாக்களிக்கிறார். சிறுமியின் உடலை முதலில் கண்ட ஓர் ஏழை வியாபாரியின் மேல் ஊரார் சந்தேகம் விழுகிறது. மணிக்கணக்கில் விசாரிக்கப்பட்ட அவன், செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டு, சிறையறையில் தூக்கிட்டு இறக்கிறான். வழக்கு முடிந்ததென்று யாவரும் அமைதியுறுகின்றனர். மத்தேயி மட்டும் அமையவில்லை. பதவியை விட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தை எடுத்து நடத்தி, இறந்த சிறுமியை ஒத்த ஒரு குழந்தையைத் தூண்டிற்புழுவாக வைத்து, கொலைகாரன் வருவான் என்று காத்திருக்கிறார். அவர் போட்ட கணக்கு முற்றிலும் சரி. கொலைகாரன் புறப்பட்டும் விட்டான். ஆனால் வழியில் கார் விபத்தில் மாண்டான். அது தெரியாத மத்தேயி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, குடித்து, சிதைந்து போகிறார். நெடுங்காலத்துக்குப் பின் மரணப் படுக்கையில் ஒரு மூதாட்டி கூறும் வாக்குமூலத்தால்தான் உண்மை வெளிப்படுகிறது. சரியாகச் சிந்தித்தவன் தோற்றான். அவனைத் தோற்கடித்தது எதிரியின் அறிவன்று, வெறும் தற்செயல்.

முடிவை இவ்வாறு வெளியிட்டுவிட்டால் நூலின் சுவை கெடாதா என்று வாசகர் கேட்கலாம். கெடாது. முடிவை அறிந்த பின்பும் படிக்கத் தூண்டுவதே இவ்வகை நூலின் இலக்கணம். ஒரு நல்ல மனிதர் தம் வாக்கைக் காக்கும் பொருட்டு, அறியாக் குழந்தை ஒன்றை ஆபத்தின் முன் நிறுத்தலாமா என்ற கேள்வி, கொலைகாரன் யார் என்ற கேள்வியைவிட நெடுநாள் நம் மனத்தில் நிற்கும்.

தற்செயலும் ஊழும்

இவ்விடத்தில் தமிழ் கற்றவர் உள்ளம் தானாகவே சிலப்பதிகாரத்தின்பால் செல்லும். இளங்கோவடிகளின் காப்பியத்தில் நிகழ்வதும் ஒரு குற்ற வழக்கே அன்றோ? அரசியின் சிலம்பு களவு போகிறது. உண்மைத் திருடனாகிய பொற்கொல்லன், புதிதாய் வந்த ஒரு வழிப்போக்கன்மேல் பழியைச் சுமத்துகிறான். மன்னன் ஆராயாது கட்டளையிடுகிறான். கொலைக்களத்தில் காவலன் ஒருவன், இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகிறான். பொற்கொல்லனோ கள்வர் பயிலும் கலைகளையெல்லாம் விரித்துரைத்து அத்தயக்கத்தைப் போக்க முயல்கிறான். இறுதியில் கல்லாதவன் ஒருவன் வாளை வீசி விடுகிறான். விசாரணை பின்னர்தான் நடைபெறுகிறது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்னும் ஒரே சான்று வழக்கை முடிக்கிறது. சான்று, வாக்குமூலம், தவறான தீர்ப்பு, மறுவிசாரணை ஆகிய யாவும் அதில் உள்ளன.

ஒற்றுமையைப் போலவே வேற்றுமையும் கருதத் தக்கது. சுவிஸ் ஆசிரியரின் தற்செயலுக்குக் காரணம் இல்லை; அது குருட்டுத்தனமானது. இளங்கோவடிகளின் ஊழுக்குக் காரணம் உண்டு. முற்பிறப்பில் கோவலனே, சங்கமன் என்னும் குற்றமற்ற வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொலைப்படுத்தினான் என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. ஆகவே அங்கே கணக்கு ஒருவாறு நேராகிறது. ஐரோப்பிய நாவலில் நேராவதில்லை. இரண்டு உலகப் போர்களைக் கண்ட கண்டம், ஒவ்வொரு துன்பத்துக்கும் காரணம் காட்டும் நம்பிக்கையை இழந்திருந்தது. அந்த இழப்பின் குரலே இந்நூல்களில் கேட்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு இரண்டும் புதிதாய் விளங்கும்.

பள்ளி ஆசிரியர் எழுதிய கொலைக் கதைகள்

இத்தாலியின் தென்கோடியில் உள்ள சிசிலித் தீவில் ரகல்முத்தோ என்பது ஒரு சிற்றூர். கந்தகச் சுரங்கங்களிலும் உப்புச் சுரங்கங்களிலும் உழைத்தோர் வாழ்ந்த ஊர் அது. அங்கே 1921-இல் பிறந்த லியொனார்டோ ஷாஷா, தம் ஊரிலேயே தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார். பசித்த வயிற்றோடு வகுப்பில் அமர்ந்த ஏழைப் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களைத் தோட்டப் பள்ளி ஆசிரியர் எவரும் வேற்று நாட்டுச் செய்தியாகப் படிக்க மாட்டார்.

ஷாஷா 1961-இல் வெளியிட்ட ‘ஆந்தையின் பகல்’ என்னும் சிறு நாவலின் தொடக்கம் மறக்க முடியாதது. விடியற்காலையில், புறப்படும் பேருந்தில் ஏற ஓடி வரும் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் சுடப்பட்டு விழுகிறார். பேருந்து நிறையப் பயணிகள். போலீஸ் வந்ததும் ஒவ்வொருவராக நழுவிவிடுகின்றனர். ஓட்டுநருக்கு எவர் முகமும் நினைவில் இல்லை. அருகில் பலகாரம் விற்றவனைக் கேட்டால், யாரையாவது சுட்டுவிட்டார்களா என்று அவன் வியப்போடு திருப்பிக் கேட்கிறான். மாஃபியா என்று ஒன்று இல்லவே இல்லை எனப் பலரும் சாதித்துக்கொண்டிருந்த காலம் அது. வடக்கிலிருந்து வந்த காப்டன் பெல்லோடி உண்மையைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கிறார். கொலைகாரன் யார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் மேலிடத்துச் செல்வாக்கும் பொய்ச் சாட்சியும் சேர்ந்து வழக்கைத் தகர்த்துவிடுகின்றன. உண்மையை அறிவது வேறு, நீதி கிடைப்பது வேறு என்பதை இந்நூல் போல் எளிமையாகக் காட்டியது அரிது.

‘நமக்கேன் வம்பு’ என்பது நம்மவர் வாயில் எளிதில் வரும் சொல். ஒரு தெருவில் அடிதடி நடந்தாலும், ஒரு வீட்டில் பெண் அடிபட்டாலும், கண்டவர் பலர் காணாதவராகிவிடுவதை நாம் அறிவோம். அச்சத்தால் பிறக்கும் அந்த மௌனம் எவ்வாறு ஓர் ஊர் முழுவதையும் குற்றத்துக்கு உடந்தையாக்குகிறது என்பதை ஷாஷாவின் பேருந்துப் பயணிகள் நமக்குக் காட்டுகின்றனர்.

1971-இல் அவர் எழுதிய ‘சூழல்’ என்னும் நாவலில் ஒரு தலைமை நீதிபதி வருகிறார். நீதிமன்றம் தவறு செய்வது என்பதே இயலாத காரியம் என்று அவர் வாதிடுகிறார். பாதிரியார் எத்தகையவராயினும் பூசையின் புனிதம் குன்றாதவாறு, நீதிபதி எத்தகையவராயினும் தீர்ப்பு தீர்ப்பே என்பது அவர் கொள்கை. இவருக்கு எதிரில் பாண்டியன் நெடுஞ்செழியனை நிறுத்திப் பாருங்கள். தன் தீர்ப்பு பிழை என்று அறிந்த அந்தக் கணமே, தானே கள்வன் என்று கூறி அரியணையிலிருந்து வீழ்ந்தான் அவன். தவறே செய்யாத நீதி என்று ஒன்று இல்லை. தவற்றை ஏற்கும் நீதி உண்டு, ஏற்காத நீதியும் உண்டு. இவ்வேறுபாட்டை உணர்த்த இவ்விரு பாத்திரங்களைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

தமிழில் வந்த அந்நியன்

இனித் தமிழிலேயே கிடைக்கும் நூலுக்கு வருவோம். ஆல்பெர் காம்யு பிரெஞ்சு மொழியில் எழுதி 1942-இல் வெளியிட்ட நாவலை, வெ. ஸ்ரீராம் மூலத்திலிருந்தே நேரடியாக மொழிபெயர்க்க, சென்னை க்ரியா பதிப்பகம் 1980-இல் ‘அந்நியன்’ என்னும் பெயரில் வெளியிட்டது. ஆங்கிலத்தின் வழியே சுற்றி வராமல் ஐரோப்பிய மொழியிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்ததால், மூலத்தின் குறுகிய, உணர்ச்சி அடங்கிய வாக்கியங்கள் தமிழிலும் அவ்வாறே அமைந்தன. அலங்காரச் சொற்களில் பழகிய தமிழ் வாசகருக்கு அந்த நடையே ஒரு புதுமை.

கதை அல்ஜியர்ஸ் நகரில் நிகழ்கிறது. மெர்சோ என்னும் அலுவலக ஊழியன் கடற்கரையில் ஓர் அரேபியனைச் சுட்டுக் கொல்கிறான். கொன்றவன் யார் என்பதில் மர்மமே இல்லை, அவனும் மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுவது கொலை அன்று. தாயின் உடல் அருகே அமர்ந்து பால் கலந்த காப்பி குடித்தான், சிகரெட் புகைத்தான், அழவில்லை, அடக்கத்துக்கு மறுநாளே ஒரு பெண்ணோடு நகைச்சுவைப் படம் பார்த்தான் என்பவையே அவனுக்கு எதிரான பெரிய சாட்சியங்கள் ஆகின்றன. தாய்க்கு அழாதவன் எதையும் செய்வான் என்று முடிவு கட்டப்படுகிறது.

இந்த இடத்தை ஐரோப்பியரைவிடத் தமிழர் கூர்மையாக உணர முடியும். இழவு வீட்டில் யார் அழுதார், யார் அழவில்லை, யார் கருமாதிக்கு முன் வெளியே போனார் என்று கணக்கெடுப்பது நம் சமூகத்தில் இன்றும் நின்றுவிடவில்லை. துக்கம் எல்லாரிடத்தும் ஒரே வடிவில் வெளிப்படுவதில்லை என்று அறிந்திருந்தும், வெளித்தோற்றத்தைக் கொண்டு உள்ளத்தை அளக்கிறோம். காம்யு மெர்சோவைக் குற்றமற்றவனாக்கவில்லை. அவன் ஓர் உயிரைப் பறித்தவன். ஆனால் செய்த குற்றத்துக்காகவா, ஊரோடு ஒத்துப்போகாத குணத்துக்காகவா அவன் தலை வாங்கப்படுகிறது என்று கேட்கவைக்கிறார்.

மற்றொன்றும் உண்டு. கொலையுண்ட அந்த அரேபியனுக்கு நாவலில் பெயரே இல்லை. அல்ஜீரிய எழுத்தாளர் காமெல் தாவூத் 2013-இல் வெளியிட்ட நாவலில், இறந்தவனின் தம்பி பேசுகிறான். அண்ணனுக்கு ஒரு பெயர் தருகிறான். பழைய ஆவணங்களில் ‘கூலி’ என்ற ஒரே சொல்லுக்குள் முன்னோரைத் தொலைத்த நமக்கு, பெயரில்லாமல் இறப்பது என்றால் என்னவென்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய நூலும் தன் காலத்துக் குருட்டுத்தனத்திலிருந்து முற்றும் தப்புவதில்லை என்ற பாடம் இதில் உண்டு.

இதனோடு சேர்த்துப் படிக்கத் தக்கது, ஏ. வி. தனுஷ்கோடி ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்த்த காஃப்காவின் ‘விசாரணை’. மெர்சோவின் குற்றம் யாவர்க்கும் தெரியும். காஃப்காவின் யோசெஃப் க. என்பவனுக்கோ, தன்மேல் சாட்டப்பட்ட குற்றம் இன்னதென்று கடைசிவரை தெரிவதில்லை. அது துப்பறியும் கதை அன்று. சிறு நூலும் அன்று. எனினும் நாம் இதுவரை கண்ட கேள்விகளின் மறுகரை அது.

நமக்கு ஏன் இந்நூல்கள்?

மேனாட்டு நாவல்களின் சுவைக்காக மட்டும் இவற்றைப் பரிந்துரைக்கவில்லை. தீர்ப்புக் கூறுவது நீதிபதிகளின் வேலை மட்டும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் தீர்ப்புக் கூறுகிறோம். வகுப்பறையில் ஒரு பிள்ளையின் பணம் காணாமற்போனால், எல்லார் கண்ணும் முதலில் யார்மேல் திரும்புகிறது? தந்தை சிறையில் இருக்கும் பிள்ளைமேல், சட்டை கிழிந்த பிள்ளைமேல், ஏற்கெனவே ஒருமுறை பெயர் கெட்ட பிள்ளைமேல். அழுத்திக் கேட்டால் பயத்தில் அவன் ஒப்புக்கொள்ளவும் கூடும். ‘வாக்குறுதி’யில் வரும் ஏழை வியாபாரியின் ஒப்புதலும் அத்தகையதே. ஒப்புக்கொண்டான் என்பதனாலேயே உண்மை வெளிப்பட்டுவிட்டது என்று கருதும் ஆசிரியர், ஒரு சிறுவனின் எதிர்காலத்தையே வழிமாற்றிவிட வல்லவர். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி, பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள்மேல் ‘குண்டர்’ என்ற முத்திரை எளிதில் குத்தப்படும் இக்காலத்தில், இது சிறிய செய்தி அன்று.

நாட்டின் சட்டத்திலும் இக்கேள்வி உயிரோடு இருக்கிறது. மலேசியாவில் சூரிகள் வழி விசாரிக்கும் முறை 1995-இல் நீக்கப்பட்டது. கட்டாய மரண தண்டனை 2023-இல் ஒழிக்கப்பட்டது. அதன் பின், இன்ன குற்றத்துக்கு இதுவே தண்டனை என்று கண்ணை மூடிக்கொண்டு கூறாமல், சூழ்நிலையையும் ஆளையும் எடைபோட்டுப் பார்க்கும் பொறுப்பு நீதிபதியிடம் வந்துள்ளது. ஒரு மனிதனை எடைபோடுவது எவ்வளவு அரிய செயல் என்பதை உணர விரும்பும் குடிமகனுக்கு இந்நூல்கள் நல்ல பயிற்சி.

தொடங்க விரும்புவோர் முதலில் ‘அந்நியன்’ நூலைத் தமிழில் படிக்கலாம். பின்னர் ஆங்கிலத்தில் டூரென்மாட்டின் ‘வாக்குறுதி’யையும் ஷாஷாவின் ‘ஆந்தையின் பகல்’ நாவலையும் எடுக்கலாம். எதுவும் பெரிய நூல் அன்று. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளில் முடித்துவிடலாம். மொழியும் கடினமானதன்று, இடைநிலைப் பள்ளி ஆங்கிலம் போதும். ‘வாக்குறுதி’ குழந்தைக் கொலையைப் பற்றியது ஆதலின், அதனைச் சிறுவர் கையில் தருதல் வேண்டா. ஐந்தாம் ஆறாம் படிவ மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் அது ஏற்றது. முதன்முறை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் முறை, ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும், இந்த இடத்தில் நான் யாரைச் சந்தேகித்தேன், ஏன் சந்தேகித்தேன் என்று உங்களையே கேட்டுக்கொண்டு படியுங்கள்.

பழைய துப்பறியும் கதை குற்றவாளியைத் தேடிற்று. இந்நாவல்கள் தீர்ப்புக் கூறுபவரை விசாரிக்கின்றன. மதுரையில் அந்தக் காவலன் தன் தயக்கத்தில் சிறிது நேரம் நிலைத்து நின்றிருந்தால், ஒரு காப்பியத்தின் போக்கே மாறியிருக்கும். அந்தச் சிறிது நேரத் தயக்கத்தை நம்முள் வளர்ப்பதே நல்ல நூலின் பயன் என்றால், இச்சிறு நாவல்களை நல்ல நூல்கள் என்று கூறுவதில் தடையில்லை.